கட்டடத்துக்குள் ஓர் அறை

நம் காலாண்டிதழின் ‘நம்ம ஏரியா வரலாறு’ பகுதியில் இதுவரை பக்கிங்காம் கால்வாய், அடையாறு ஆலமரம், எலியட்ஸ் கடற்கரை என்று எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை பறக்கும் ரயில் பற்றித் தருவதாகச் செயலாளரிடம் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். ஜனவரி மாதம் ஒரு மாலை நம் கேட் அருகே நடந்த ஒரு பேச்சுதான் காரணம்.

நடைப்பயிற்சி முடித்து வந்துகொண்டிருந்தேன். நம் குடியிருப்பில் வசிக்கும் ஓர் இளம் தாய் ஆட்டோவிலிருந்து இறங்கினார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எந்த பிளாக், எந்த வீடு என்பது வேண்டாம். கையில் கனமான ஒரு ஃபைல். நான் வங்கி கவுண்டரில் 37 வருடம் உட்கார்ந்தவன். கடன் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் ஃபைலை எப்படிப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பது எனக்குத் தெரியும். “என்னம்மா, ரொம்ப அலைச்சலா?” என்று கேட்டேன்.

அவர் மகனுக்கு நான்கு வயது. பேச்சு தாமதம். மிக்ஸி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்.கே.ஜி. சேர்க்க நான்கு பள்ளிகளுக்குப் போயிருக்கிறார். ஒரு பள்ளியில் அந்தத் தாளைப் பார்த்ததும் சீட் முடிந்துவிட்டது என்றார்களாம். அதே வாரம் நம் குடியிருப்பிலேயே இன்னொரு குழந்தைக்கு அங்கே இடம் கிடைத்தது. “தெருவுக்கு ரெண்டு ஸ்கூல் இருக்கு அங்கிள். என் பையன் உட்கார ஒரு இடம் இல்லியா?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்ன நான்கு பள்ளிகளில் ஒன்றின் பெயர்ப்பலகையில் ‘மான்டிசோரி’ என்று இருப்பது நினைவுக்கு வந்தது. என் பேத்தியை அங்கே சேர்த்தபோது நானும் உடன் போயிருந்தேன். ஒரு மரப்பலகையில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் இருந்தன. குழந்தைகள் அதன்மேல் விரலால் தடவித் தடவி எழுத்தைப் பழகினார்கள். “மான்டிசோரி அம்மையார் நம்ம அடையாறிலேயே இருந்திருக்காங்க சார்” என்று அந்த டீச்சர் சொன்னபோது, ஏதோ என் சொந்தக்காரரைப் பற்றிச் சொன்னதுபோல எனக்குப் பெருமை. அன்று இரவு அந்த அம்மையாரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். படித்து முடித்தபோது பெருமை போய் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது.

மரியா மான்டிசோரி 1870-இல் இத்தாலியில் பிறந்தவர். அடிப்படையில் அவர் ஆசிரியை அல்ல, டாக்டர். 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்று ரோம் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் புத்தி வளர்ச்சி குறைந்தவர்கள் என்று சொல்லப்பட்ட குழந்தைகளை மனநலக் காப்பகங்களில் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு உண்டு, பாடம் கிடையாது. இது மருந்தால் மட்டும் தீர்கிற விஷயம் அல்ல, கற்றுக்கொடுக்கும் முறையால் தீரவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியது.

அவருக்கு முன்பே இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் இந்த வழியில் போயிருந்தார்கள். ஒருவர் இட்டார். 1800-ஆம் ஆண்டு வாக்கில் அவேரான் என்ற பகுதியின் காட்டிலிருந்து வந்த, பேச்சே இல்லாத ஒரு சிறுவனுக்குப் பல வருடங்கள் பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தவர். மற்றவர் அவருடைய மாணவர் செகுவின். தொட்டு, தடவி, எடை பார்த்து, கோத்து, அடுக்கிக் கற்கும்படியான சாதனங்களைச் செய்தவர். மான்டிசோரி இந்த இருவரின் எழுத்துகளையும் இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தன் கையாலேயே முழுவதும் எழுதினார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் லெட்ஜரைக் கையால் எழுதிய எங்களுக்குத் தெரியும், கையால் எழுதினால் எந்த வரியையும் தாண்டிப்போக முடியாது.

1900-இல் ரோமில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதை நடத்தியவர்களில் மான்டிசோரியும் ஒருவர். ஏறக்குறைய இரண்டு வருடம் காலையிலிருந்து மாலைவரை அந்தக் குழந்தைகளோடுதான் இருந்தார். அவர்களில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, சாதாரணப் பள்ளிக் குழந்தைகள் எழுதும் பரீட்சையையே எழுதித் தேறினார்கள். ஊரே ஆச்சரியப்பட்டது. மான்டிசோரிக்கு வந்த கேள்வி வேறு. இந்தக் குழந்தைகளே இவ்வளவு தூரம் வர முடியும் என்றால், எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளை நம் பள்ளிகள் ஏன் இவ்வளவு கீழே நிறுத்தி வைத்திருக்கின்றன?

இனி வரும் பகுதியைத்தான் நம் குடியிருப்பு வாசகர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ரோமில் சான் லொரென்சோ என்று ஒரு தொழிலாளர் பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் பாழடைந்த அடுக்குக் குடியிருப்புகளை வாங்கிப் பழுதுபார்த்து ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படியிலும் வராந்தாவிலும் ஓடிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வெள்ளையடித்த சுவரில் கிறுக்குவார்கள், சுரண்டுவார்கள். மெயின்டனன்ஸ் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. நம் பொதுக்குழுக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய புகார்தான். நூறு வருடத்துக்கு முன்பு ரோமிலும் அதே புகார்.

அந்த நிறுவனம் பிள்ளைகளைக் கண்டித்து நோட்டீஸ் ஒட்டவில்லை. கட்டடத்துக்குள்ளேயே ஓர் அறையை ஒதுக்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி மான்டிசோரியைக் கேட்டது. சுவரைப் பழுதுபார்க்க ஆகும் பணத்தை இதற்குத் திருப்பிவிட்டால் தனியாகச் செலவே இல்லை என்பது அவர்கள் போட்ட கணக்கு. பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அருமையான கணக்கு. 1907 ஜனவரி 6 அன்று அந்த அறை திறந்தது. ஐம்பது, அறுபது பிள்ளைகள். அந்த இடத்துக்குக் ‘குழந்தைகள் வீடு’ என்று பெயர். காப்பகக் குழந்தைகளுக்காகச் செய்த சாதனங்களைத்தான் மான்டிசோரி இந்தப் பிள்ளைகள் முன்னும் வைத்தார். இன்று நம் தெருவில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் முறை இங்கிருந்துதான் உலகத்துக்குப் போனது.

ஆக, பேத்தியின் பள்ளியில் நான் பார்த்த உப்புத்தாள் எழுத்து, எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முயற்சியில் பிறந்த பொருள். அதே பொருளை அலமாரியில் வைத்திருக்கும் பள்ளியில்தான் அந்தச் சிறுவனுக்கு இடம் இல்லை. ‘மான்டிசோரி’ என்ற பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ள யாரும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஓர் உள்ளூர்ச் செய்தி. எழுத்தை விரலால் பழகுவது நமக்குப் புதிது அல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி அதில்தான் ‘அ’ எழுதினார்கள். எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்துத் தன் பிள்ளைகளுக்கும் மணலைக் கொடுத்தார். ஒரு மாணவன் இன்னொரு மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் திண்ணை முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாக எழுதினார். அங்கே அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். ஊரில் பாட்டி தாம்பாளத்து அரிசியில் என் விரலைப் பிடித்து எழுதவைத்த விஜயதசமி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, இத்தாலி டாக்டர் அடையாறுக்கு எப்படி வந்தார்?

அதற்கு 1882-க்குப் போக வேண்டும். அந்த வருடம் பிரம்மஞான சபை தன் தலைமையகத்தை அடையாறுக்கு மாற்றியது. சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் ஓர் அமெரிக்கர். சுற்றியிருந்த சேரிப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குள்ளும் போக முடியாத காலம் அது. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளுக்காக அவர் 1894-இல் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு மேலும் சில பள்ளிகள் வந்தன. பெசன்ட் நகரில் உள்ள ஆல்காட் நினைவுப் பள்ளி அந்த வழியில் வந்ததுதான். நம் வீடுகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பலர் அங்கே படித்தவர்கள். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். எனவே நம் பகுதியில், ‘வேறு எங்கும் சேர்க்காத பிள்ளைக்கு இங்கே இடம்’ என்ற எண்ணத்துக்கு 130 வயது ஆகிறது. அப்போது கதவைச் சாத்தியது சாதி. இப்போது ஒரு டாக்டர் ரிப்போர்ட்.

ஆல்காட்டுக்குப் பின் அன்னி பெசன்ட், அவருக்குப் பின் ஜார்ஜ் அருண்டேல் என்று சபையின் தலைவர்கள் எல்லோருமே கல்வியில் நாட்டம் கொண்டவர்கள். அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் 1939-இல் மான்டிசோரி தன் மகன் மாரியோவுடன் அடையாறுக்கு வந்தார். அப்போது அவருக்கு 69 வயது. என்னைவிடப் பெரியவர். நான் முட்டிவலி என்று மாடிப்படியைத் தவிர்க்கிற வயதில், அவர் கண்டம் தாண்டி வந்து வகுப்பு எடுத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அம்மா இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசுக்கு இத்தாலியர்கள் எல்லோரும் எதிரிகள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். வயதான அம்மாவை அடையாறிலேயே இருக்கச் சொன்னார்கள். அந்த ஆகஸ்ட் 31 அன்று அவருடைய எழுபதாவது பிறந்தநாள். பரிசாக மகனையே விடுவித்து அனுப்பினார் வைஸ்ராய். பிறகு கொடைக்கானலில் சில காலம், அகமதாபாத்திலும் மற்ற ஊர்களிலும் பயிற்சி வகுப்புகள். 1946-இல் ஐரோப்பா போய், 1947-இல் மறுபடி வந்து, 1949-இல்தான் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். அவரிடம் பயின்றவர்கள் ஊர் ஊராகப் பள்ளி தொடங்கினார்கள்.

ஆனால் அந்தப் பள்ளிகளில் பெரும்பாலும் சேர்ந்தது வசதியும் ஆரோக்கியமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். காது கேளாத, கண் தெரியாத, நடக்க முடியாத பிள்ளைகளுக்குத் தனி இடம் என்று ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு மூத்த ஊர் பாளையங்கோட்டை. 1890களிலேயே அங்கே மிஷன் பெண்மணிகள் பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் பள்ளி நடத்தினார்கள். சென்னையில் ஜெமினி பக்கம் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட், பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி ஆகியவை சுதந்திரத்துக்கு முற்பட்டவை. நல்ல பள்ளிகள்தான். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாழ்க்கை கொடுத்தவை. ஆனால் அங்கே படிக்கப் பல பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதில் வீட்டைவிட்டு விடுதிக்குப் போக வேண்டியிருந்தது.

இதை மாற்றிய ஒரு பள்ளி நம் பக்கத்திலேயே, சாஸ்திரி நகரில் இருக்கிறது. 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா. காது கேளாத குழந்தையைப் பள்ளி வயதுவரை காத்திருக்கவிடாமல், கைக்குழந்தையாக இருக்கும்போதே வரச்சொன்னார்கள். அதுவும் தனியாக அல்ல, அம்மாவோடு. குழந்தைக்குக் காது கேட்கும் கருவி மாட்டி, மிச்சமிருக்கும் கேட்கும் சக்தியைக் கொண்டு பேசவைக்கும் பயிற்சி. அம்மா உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டு வீட்டில் நாள் முழுக்க அதைத் தொடர வேண்டும். நோக்கம், குழந்தை ஐந்து வயதுவாக்கில் சாதாரணப் பள்ளியில் சேர்வது. அதாவது, தன்னைவிட்டு எவ்வளவு சீக்கிரம் பிள்ளைகள் போகிறார்களோ அவ்வளவுக்கு வெற்றி என்று நினைத்த பள்ளி அது. வாடிக்கையாளரை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் தொழிலில் இருந்தவனுக்கு இது விசித்திரமாகத்தான் இருந்தது.

செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளின் கதை இன்னும் பிந்தித் தொடங்கியது. 1972-இல் பம்பாயில் மிது அலூர் என்ற தாய், தன் மகளைச் சேர்க்கப் பள்ளி கிடைக்காமல் தானே ஒன்றைத் தொடங்கினார். 1981-இல் இங்கே தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி வந்தது. 1985-இல் பூனம் நடராஜன் இன்னொன்றைத் தொடங்கினார். அவரும் அப்படிப்பட்ட ஒரு மகனின் தாய். கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் அதுதான். 1998-இல் அந்தப் பெயர் வைத்தார்கள். பிறகு அவர் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்கும் தலைவராக இருந்தார். பிள்ளைக்கு இடம் கேட்டுப் போன தாய், இடம் கிடைக்காமல், தானே பள்ளி கட்டுவது என்பது இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. இதைப் பெருமையாகச் சொல்வதா, நமக்கெல்லாம் வெட்கம் என்று சொல்வதா?

இன்னொரு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. நன்றாகப் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் மட்டும் எழுத்துகள் குழம்பும். டிஸ்லெக்சியா. என் தம்பி அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். எந்த பம்ப் மோட்டாரையும் பிரித்துப் பூட்டுவான், ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் தடுமாறுவான். வகுப்பில் பெஞ்சு மேல் நின்று நின்றே எட்டாவதோடு பள்ளியை விட்டான். எங்கள் அப்பாவும் அவனை ‘மக்கு’ என்றுதான் கூப்பிட்டார். அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் எங்கள் ஊரில் யாரிடமும் இல்லை. சென்னையில் 1990களின் தொடக்கத்தில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தொடங்கிய பிறகுதான் இங்குள்ள ஆசிரியர்கள் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள். மற்றவர்களுக்கு 2007-இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படம் சொல்லிக்கொடுத்தது.

சட்டம் எங்கே போயிருந்தது என்று கேட்பீர்கள். மெதுவாக வந்துகொண்டிருந்தது. 1974-இல் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியில் சேர்த்துக் கற்பிக்க மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 1995-இல் முதல் சட்டம். அதில் ஏழு வகைக் குறைபாடுகள் மட்டும்; ஆட்டிசமும் இல்லை, டிஸ்லெக்சியாவும் இல்லை. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம். 2016-இல் வந்த புதிய சட்டம் ஏழை இருபத்தொன்றாக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றன.

இந்த 2016 சட்டத்தில் நம் பெற்றோர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு பிரிவுகள் உண்டு. அரசு அங்கீகாரமோ நிதியோ பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யாமல் சேர்க்க வேண்டும் என்கிறது 16-வது பிரிவு. நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்விக்கு உரிமை உண்டு என்கிறது 31-வது பிரிவு. எங்கே படிப்பது என்பதைப் பள்ளி முடிவு செய்வதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவோ, சேர்க்கும்போது குழந்தையை வடிகட்டும் எந்தத் தேர்வும் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 வரை அபராதம். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றி. எல்.கே.ஜி. வாசலில் நிற்கும் நான்கு வயதுக் குழந்தை அதில் நழுவிவிடுகிறது. பள்ளிகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

சட்டம் என்பது எங்கள் தலைமை அலுவலகத்து சர்க்குலர் மாதிரி. கையெழுத்தான தேதிக்கும் கவுண்டருக்கு வந்து சேரும் தேதிக்கும் நடுவே வருடங்கள் போகும். பார்வையற்றவர்களுக்குக் காசோலைப் புத்தகம் உட்பட எல்லா வசதியும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008-இல் சுற்றறிக்கை அனுப்பியது. அதற்கு முன் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் என் கவுண்டரில் செக் புக் கேட்டார். கையெழுத்து மாறும், எங்களுக்கு ரிஸ்க் என்று நானே திருப்பி அனுப்பினேன். கோபப்படாமல், “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு போனார். அவர் தினமும் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பரீட்சையிலும் சலுகைகள் உண்டு. தகுதியுள்ள மாணவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம், சொல்வதைக் கேட்டு எழுத உதவியாளர் என்று மத்திய அரசு 2013-இல் நெறிமுறை வகுத்தது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் டிஸ்லெக்சியா மாணவர்கள் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் பெறலாம். இதையெல்லாம் பத்தாம் வகுப்பு டிசம்பரில் போய்க் கேட்டால் சான்றிதழ் வாங்கவே நேரம் இருக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். வழக்கமான பள்ளி ஒத்துவராத பிள்ளைகள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தங்கள் வேகத்தில் பாடங்களை எழுதலாம். மிகச் சிறிய குழந்தைகளுக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசு 2005-இல் அமைத்த பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வார இறுதியில் அந்தப் பக்கம் போகும் நாம் முதலைப் பண்ணையைப் பார்க்கிறோம், படகுத்துறையைப் பார்க்கிறோம். இந்தப் பலகையைப் பார்ப்பதில்லை. நானும் இந்த வருடம்தான் முதன்முதலில் உள்ளே போனேன், அந்தத் தாய்க்குத் துணையாக. வெளியே மரத்தடியில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தது. நாம் அரை மணி நேரத்தில் போகிறோம்.

இனி, நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம்.

மூன்று வருடத்துக்கு முன்பு நம் குடியிருப்பில் இன்னொரு தாய் இருந்தார். பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். லிஃப்டுக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் உள்ள சின்ன அறையை வாரத்தில் இரண்டு பிற்பகல் தரும்படி எழுதிக் கேட்டார். ஒரு சிறப்பாசிரியர் வந்து அவருடைய மகளுக்கும் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து இரண்டு குழந்தைகளுக்கும் பயிற்சி கொடுப்பார், மின்சாரக் கட்டணத்தைத் தாங்களே கட்டிவிடுவதாகவும் எழுதியிருந்தார். நிர்வாகக் குழுவில் பேசினோம். வெளியாட்கள் வருவார்கள் என்றார் ஒருவர். சத்தம் வரும் என்றார் இன்னொருவர். வாடகைக்கு வருகிறவர்கள் யோசிப்பார்கள், வீட்டு விலை குறையும் என்றுகூட ஒருவர் சொன்னார். அப்போது பொருளாளர் நான். நான் எதிர்த்து எதுவும் பேசவில்லை. கோப்பில் ஒரு குறிப்பு மட்டும் எழுதினேன்: ‘அனுமதித்தால் முன்னுதாரணம் ஆகிவிடும், ஏற்பதற்கில்லை.’ வங்கியில் வேண்டாததைத் தட்டிக்கழிக்க நாங்கள் எழுதும் வழக்கமான வாக்கியம் அது. தீர்மானம் தோற்றது. எட்டு மாதத்தில் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்தது. லாரியில் சாமான் ஏற்றிய அன்று அந்தப் பெண்குழந்தை எனக்கு டாட்டா காட்டியது.

அந்த அறையைப் போன வாரம் செக்யூரிட்டியிடம் சாவி வாங்கித் திறந்து பார்த்தேன். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், கொலுப்படி, பழைய சைக்கிள் இரண்டு, 2015 வெள்ளத்துக்குப் பிறகு யாரும் தொடாத ஓர் இன்வெர்ட்டர். மூன்று வருடத்தில் அந்த அறையால் நமக்கு வந்த வருமானம் பூஜ்யம். ஜன்னல் பெரியது, காற்று வருகிறது. மேடு எதுவும் இல்லாததால் சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். சுவருக்கு வெள்ளையடிக்கவும் இரண்டு மின்விசிறி மாட்டவும் 18,500 ரூபாய் ஆகும் என்று நம் எலக்ட்ரீஷியனும் பெயின்டரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வருடம் மாடிப்படிச் சுவர்களுக்கு டச்-அப் என்று பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகையில் பாதிகூட இல்லை.

ஜனவரியில் நான் பார்த்த சிறுவன் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறான். ஐந்தாவதாகக் கேட்ட பள்ளி ஜூன் மாதம் அழைத்து வரச்சொல்லியிருக்கிறது. சேர்ப்பதாக இன்னும் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போய்வர ஆட்டோவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 400 ரூபாய் ஆகிறது.

வருகிற மாத மூன்றாவது ஞாயிறு காலை 10 மணிக்கு மொட்டைமாடியில் பொதுக்குழு. நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக, தண்ணீர் லாரிக் கட்டணத்துக்கு அடுத்து, அந்த அறை பற்றிய தீர்மானம் வருகிறது. முன்மொழிபவர் இடத்தில் என் பெயர் இருக்கிறது. வழிமொழிபவர் இடம் இதை எழுதும்வரை காலியாக இருக்கிறது. பழைய கோப்பையும் எடுத்து வருகிறேன், என் குறிப்பையும் சேர்த்துப் படிக்க.